லாரிக்கு ஆல்கஹால் இன்டர்லாக்: எந்த சென்சார், எந்த வயர், லாக் ஆனால் அடுத்து என்ன?

பீனிக்ஸ் டிப்போ

எல்லோருக்கும் வணக்கம். எங்களிடம் 24 வோல்ட் லாரி 14, பேக்கி (சின்ன பிக்கப் வண்டி) 5, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் குவான்டம் வேன் 2. லாரிகள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு என்3 நெடுஞ்சாலை வழியாக ஜோகன்னஸ்பர்க் டிப்போவுக்குப் போய்த் திரும்புகின்றன. ஊதிக் காட்டினால்தான் ஸ்டார்ட் ஆகும் கருவியை எல்லா வண்டியிலும் மாட்டுவதென்று முடிவாகிவிட்டது. கையில் மூன்று கொட்டேஷன்.

முதலாவது ஃப்யூவல் செல் சென்சார் உள்ளது, விலை அதிகம். இரண்டாவது செமிகண்டக்டர் சென்சார், பாதி விலைக்கும் கீழே. மூன்றாவது கேமரா, ஊத வேண்டாம், கண்ணைப் பார்த்தே குடித்திருக்கிறாரா என்று சொல்லிவிடுமாம்.

இரண்டாவது ஆள் ரிலேயை டீசல் கட்-ஆஃப் வயரில் போடுகிறேன் என்கிறார். வழியில் மறுசோதனையில் தோற்றால் வண்டி தானாக நின்றுவிடும் என்பதை ஒரு வசதியாகச் சொல்கிறார். வழியில் வரும் வான் ரீனன்ஸ் பாஸ் மலை இறக்கத்தை நினைத்தால் எனக்கு மனசு ஒப்பவில்லை. தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

சாட்ஸ்வொர்த் வயர்மேன்

மனசு ஒப்பாதது சரிதான் அண்ணா. அந்தக் கொட்டேஷனை இப்பவே ஓரம் வைங்க.

இன்டர்லாக் தடுக்க வேண்டியது ஸ்டார்ட்டரை மட்டும். ஓடுற எஞ்சினை அது தொடவே கூடாது. இறக்கத்துல எஞ்சின் நின்னா ஏர் கம்ப்ரஸர் நின்னுடும், டாங்கியில மிச்சம் இருக்குற காத்துதான் பிரேக்குக்கு. எக்ஸாஸ்ட் பிரேக் இருக்காது, பவர் ஸ்டீயரிங் இருக்காது. கன்டெய்னரோட டவுன் ஹில், ஃபீல்ட்ஸ் ஹில் மாதிரி செங்குத்து இறக்கத்துல அப்படி ஆனா, சொட்டு குடிக்காத ஓட்டுநராலகூட சமாளிக்க முடியாது. 2013 செப்டம்பர்ல ஃபீல்ட்ஸ் ஹில்லுல லாரி மோதிப் பல பேர் செத்ததை நம்ம ஊர்ல யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

ஓட்டத்துல மறுசோதனை வேணும்னா ஹார்ன், இண்டிகேட்டர், டிப்போவுக்கு ஒரு மெசேஜ். அதோட நிறுத்திக்கணும். ஓரம் கட்டி ஊத சில நிமிஷம் அவகாசம் கொடுக்கணும்.

வயரிங்குக்கு வர்றேன். கருவிக்குப் போறது இவ்வளவுதான் (அடைப்புக்குள்ள இருக்குறது வயர் நம்பர்): நிரந்தர பிளஸ் (30), எர்த் (31), இக்னிஷன் (15), ஸ்டார்ட்டர் வயரை (50) அறுத்து உள்ளே ஒண்ணு வெளியே ஒண்ணு, எஞ்சின் ஓடுதான்னு தெரிய ஆல்டர்நேட்டர் டி பிளஸ் (61). கடைசியா சொன்னதைப் பல பேர் விட்டுடுறாங்க. அது இல்லைன்னா வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணினது கருவிக்குத் தெரியவே தெரியாது.

லாரியில ஸ்டார்ட்டர் சாலினாய்டு இழுக்கிற கரண்ட் பெருசு. அந்தத் தடி வயரை அறுக்காதீங்க. அதுக்கு முன்னாடி ஸ்டார்ட் ரிலேயோட காயிலுக்குப் போற மெல்லிசு வயர் இருக்கும், அதை அறுக்கணும். பழைய பேக்கியில சாவியிலேர்ந்து நேரா சாலினாய்டுக்குத்தான் வயர் போகும். அங்க 40 ஆம்பியர் ரிலே தனியா போட்டு, அந்த ரிலேயோட காயிலை இன்டர்லாக் இயக்கட்டும். கருவிக்குள்ள இருக்குற குட்டி ரிலேயை நம்பினா அதோட கான்டாக்ட் தீய்ஞ்சு ஒட்டிக்கும். ஒட்டிக்கிச்சுன்னா ஊதாமலே ஸ்டார்ட் ஆகும், யாரும் கவனிக்க மாட்டாங்க.

இன்னொண்ணு, 24 வோல்ட் லாரியில 12 வோல்ட் கருவியை மாட்ட ரெண்டு பேட்டரியில ஒண்ணுலேர்ந்து மட்டும் கரண்ட் எடுப்பாங்க. கூடவே கூடாது. அந்த ஒரு பேட்டரி காலியாகிட்டே இருக்கும், பக்கத்துப் பேட்டரி ஓவர்சார்ஜ் ஆகும், கொஞ்ச மாசத்துல ரெண்டும் போயிடும். 24 வோல்ட்டுக்கே ஆன கருவி வாங்குங்க, இல்லைன்னா கன்வெர்ட்டர் போடுங்க.

ஃபியூஸ் கருவிப் பக்கத்துல இல்ல, கரண்ட் எடுக்கிற இடத்துப் பக்கத்துல. ஜாயின்ட்டை க்ரிம்ப் பண்ணி, உள்ளே பசை இருக்குற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடணும். வயரைக் கடிச்சுப் பிடிக்கிற கிளிப் கனெக்டரை டர்பன் உப்புக்காத்துல போட்டா காப்பர் பச்சை பூத்துடும். அப்புறம் 'சில நேரம் ஸ்டார்ட் ஆகுது, சில நேரம் ஆகல'ன்னு ஓட்டுநர் சொல்வாரு, ஆஃபீஸ்ல அவர் குடிச்சதாலன்னு நினைப்பாங்க. நல்ல மனுஷன் பேர் ஒரு கிளிப்பால கெட்டுப்போகும்.

கேலிப்ரேஷன் மேசை

சென்சார் பற்றிய பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஃப்யூவல் செல்லில் அமிலம் ஊறிய நுண்துளைத் தகடு ஒன்று இருக்கும். அதன் இரு பக்கமும் பிளாட்டினம் பூச்சு. மூச்சிலிருந்து குறிப்பிட்ட அளவு காற்றைக் கருவி உள்ளே இழுக்கும். அதிலுள்ள எத்தனால் ஒரு பக்கத்தில் அசிட்டிக் அமிலமாக மாறும்போது எலெக்ட்ரான் வெளிவந்து மறுபக்கம் போகும். அந்தக் கரண்டின் மொத்தம்தான் ஆல்கஹாலின் அளவு. அசிட்டோனுக்கு இது அசைந்துகொடுக்காது. மெத்தனாலுக்கும் ஐசோப்ரோப்பைலுக்கும் மட்டும் கொஞ்சம் அசையும்.

செமிகண்டக்டர் என்பது சூடாக்கிய டின் ஆக்சைடு. எரியக்கூடிய எந்த ஆவி பட்டாலும் அதன் மின்தடை மாறும். எத்தனால், அசிட்டோன், பெட்ரோல் ஆவி, தின்னர், சிகரெட் புகை எல்லாம் அதற்கு ஒன்றுதான். ஈரப்பதம் மாறினாலும் அளவு நகரும். டர்பனின் பிப்ரவரி ஈரத்தில் சரிசெய்து வைத்த கருவி ஜோகன்னஸ்பர்க்கின் ஜூலை வறட்சியில் வேறு எண்ணைக் காட்டும்.

நம்மவர்களை நேராகத் தொடும் விஷயம் ஒன்று உண்டு. தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கும் ஓட்டுநர்கள் பலர் நாள்கணக்கில் ஒருவேளைதான் சாப்பிடுகிறார்கள். பட்டினி நீண்டால் உடம்பு கொழுப்பை எரிக்கும், மூச்சில் அசிட்டோன் வரும். சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் அப்படித்தான். செமிகண்டக்டர் கருவி அதை ஆல்கஹால் என்று சொல்லிவிடும். விரதம் இருக்கிற மனிதரைக் குடிகாரர் என்று சொல்லும் கருவியை டிப்போ வாசலில் வைக்காதீர்கள். மிகக் கடுமையான பட்டினியில் உடம்பே அசிட்டோனில் ஒரு பகுதியை ஐசோப்ரோப்பைலாக மாற்றுவதுண்டு, அது ஃப்யூவல் செல்லிலும் சிறிது தெரியும். அபூர்வம்தான், ஆனாலும் லாக் ஆனவுடன் தீர்ப்பு எழுதாமல் இருக்க அது ஒரு காரணம்.

வாங்கும்போது இ.என். 50436 தரச்சான்று கேளுங்கள். பகுதி 1 தண்டனை பெற்றவர்களின் வண்டிக்கு, பகுதி 2 உங்களைப் போல முன்னெச்சரிக்கையாக மாட்டுபவர்களுக்கு. சான்று காட்ட முடியாதவரிடம் பேரம் பேசுவதில் பயனில்லை.

பீனிக்ஸ் டிப்போ

நன்றி. அப்படியானால் ஃப்யூவல் செல்தான். அந்தக் கொட்டேஷனில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேலிப்ரேஷன் (அளவைச் சரிபார்த்துத் திருத்துவது) என்று இருக்கிறது. டர்பனில் அவர்களுடைய ஆள், ஜோகன்னஸ்பர்க்கில் வேறொரு கடை. இரண்டும் 'டிரை கேஸ்' சிலிண்டர் வைத்துத்தான் செய்கிறார்களாம். இரண்டு ஊரிலும் செய்வதில் ஏதாவது சிக்கல் வருமா?

கேலிப்ரேஷன் மேசை

வரும். இந்த இழையில் நீங்கள் கேட்ட மிக முக்கியமான கேள்வி இதுதான்.

டிரை கேஸ் என்பது நைட்ரஜனில் கலந்த எத்தனால். சிலிண்டர் லேபிளில் உள்ள எண் கடல்மட்டக் காற்றழுத்தத்துக்கு எழுதப்பட்டது. டர்பனில் அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல், லேபிள் எண் பொருந்தும். ஜோகன்னஸ்பர்க் ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே அழுத்தம் சுமார் 83. அதே சிலிண்டரைத் திறந்தால் வாயு விரியும், ஒரு லிட்டரில் இருக்கும் எத்தனால் 18 சதவீதம் குறையும். லேபிளில் 0.24 மி.கி./லிட்டர் என்று இருந்தாலும் கருவிக்குள் போவது 0.197 தான்.

சரியாக இருக்கும் கருவி 0.197 என்று உண்மையைக் காட்டும். அழுத்தத் திருத்தம் தெரியாத டெக்னீஷியன் 'குறைத்துக் காட்டுகிறது' என்று நினைத்து அதை 0.24-க்கு ஏற்றிவைப்பார். அந்த நிமிடத்திலிருந்து கருவி எல்லாவற்றையும் 1.22 மடங்காகக் காட்டும். 0.10-இல் லாக் வைத்திருந்தால் 0.082 உள்ளவரே மாட்டிக்கொள்வார். லாரி டர்பனுக்கு இறங்கி வந்தாலும் தவறு கூடவே வரும். ஃப்யூவல் செல் எடுக்கும் காற்றின் கன அளவு மாறாது, அளப்பது அதிலுள்ள எத்தனாலின் எடை. தவறு உயரத்தில் இல்லை, அங்கே திருகிய திருகலில் இருக்கிறது.

ஆகவே ஜோகன்னஸ்பர்க் கடையிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். காற்றழுத்தமானி வைத்திருக்கிறாரா? அன்றைய அழுத்தத்தைச் சான்றிதழில் எழுதுகிறாரா? வானிலை அறிக்கையில் வரும் அழுத்தம் கடல்மட்டத்துக்கு மாற்றி எழுதியது, அதைப் பயன்படுத்தக் கூடாது. அந்த இடத்தில் அளந்த அழுத்தம் வேண்டும்.

இன்னொரு வழி வெட் பாத். எத்தனால் கரைசலை 34 டிகிரியில் வைத்து அதன் வழியே காற்றை ஊதும் ஜாடி. 34 டிகிரியில், கரைசலில் லிட்டருக்கு 1 கிராம் எத்தனால் இருந்தால் மேலே வரும் காற்றில் 0.389 மி.கி./லிட்டர் இருக்கும். 0.10 வேண்டுமென்றால் கரைசல் லிட்டருக்கு 0.257 கிராம். இது வெப்பத்தைப் பொறுத்தது, காற்றழுத்தத்தைப் பொறுத்ததல்ல, மலை மேலேயும் அதே எண். ஆனால் சூடு 1 டிகிரி குறைந்தால் எண் 6 சதவீதத்துக்கு மேல் குறையும். பவர் போய் வந்த பிறகு ஜாடி முழுச் சூட்டுக்கு வரும் முன்னே வேலையைத் தொடங்குவது அங்கே நடக்கும் வழக்கமான பிழை. ஒவ்வொரு ஊதலும் கொஞ்சம் எத்தனாலை எடுத்துக்கொண்டு போகும் என்பதால், தயாரிப்பாளர் சொன்ன எண்ணிக்கைக்குப் பிறகு கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும்.

சரிசெய்வதற்கு முன் கருவி காட்டிய எண்ணையும் சான்றிதழில் எழுதச் சொல்லுங்கள். 'வந்தபோது இவ்வளவு, அனுப்பும்போது இவ்வளவு'. முதல் எண் இல்லாத சான்றிதழால் கடந்த ஆறு மாதத்தில் யாராவது அநியாயமாக மாட்டினாரா என்று கண்டுபிடிக்க முடியாது.

மெரிபேங்க் சேஃப்டி

சட்டப் பக்கத்தைச் சொல்கிறேன். தேசிய சாலைப் போக்குவரத்துச் சட்டம், 1996-இன் 93, பிரிவு 65. சாதாரண ஓட்டுநருக்கு ரத்தத்தில் 100 மில்லிக்கு 0.05 கிராம், மூச்சில் லிட்டருக்கு 0.24 மி.கி. தொழில்முறை ஓட்டுநர் அனுமதி தேவைப்படும் வண்டிக்கு ரத்தத்தில் 0.02, மூச்சில் 0.10. அந்த அளவைத் தொட்டாலே குற்றம், அதற்குக் கீழே இருக்க வேண்டும். உங்கள் லாரியும் காசு வாங்கிப் பிள்ளைகளை ஏற்றும் குவான்டமும் இரண்டாவது வகை.

பேக்கிக்கு ஒன்று லாரிக்கு ஒன்று என்று இரண்டு அளவு வைக்காதீர்கள். இன்று பேக்கி ஓட்டுபவரை நாளை லாரியில் ஏற்றுவீர்கள். எல்லா வண்டிக்கும் ஒரே அளவு.

திங்கள் காலைக் கணக்கை ஒரு தடவையாவது ஓட்டுநர்களோடு உட்கார்ந்து காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள். ஞாயிறு நள்ளிரவில் ஒருவர் ரத்தத்தில் 0.12 என்று வையுங்கள். உடம்பு மணிக்குச் சுமார் 0.015 குறைக்கும், ஆளுக்கு ஆள் மாறும். காலை 5 மணிக்கு 0.045. அவருக்குத் தள்ளாட்டம் இருக்காது, தூங்கி எழுந்து குளித்து காபி குடித்திருப்பார், தான் தெளிவாக இருப்பதாக மனதார நம்புவார். ஆனால் கருவியில் மூச்சு அளவு 0.21 காட்டும், லாரிக்கான அளவைப் போல இருமடங்கு. ரத்தத்தில் 0.02-க்கு வர காலை 6.40 ஆகும். காபியோ குளியலோ அதை ஒரு நிமிடம்கூட முன்னே தள்ளாது. இப்படி மாட்டுபவர்கள் பொய் சொல்பவர்கள் அல்ல. அவர்களுக்கு யாரும் இந்தக் கணக்கைச் சொல்லவில்லை.

தொழில்சார் சுகாதாரச் சட்டத்தின் கீழ் வரும் பொதுப் பாதுகாப்பு விதி 2ஏ, போதையில் இருப்பவரை, அப்படித் தோன்றுபவரைக்கூட, வேலையிடத்தில் அனுமதிக்கக் கூடாது என்று உரிமையாளர் மேல்தான் பொறுப்பை வைக்கிறது. லாக் ஆனதைப் பார்த்தும் 'இந்த ஒரு லோடு மட்டும்' என்று அனுப்பினால் அந்த லாக் பதிவே உங்களுக்கு எதிரான சாட்சி.

பீனிக்ஸ் டிப்போ

> எல்லா வண்டிக்கும் ஒரே அளவு

அப்படியானால் பூஜ்யம் என்றே வைத்துவிடலாமே அக்கா? குடித்தால் வண்டியில்லை, அவ்வளவுதான்.

மெரிபேங்க் சேஃப்டி

கொள்கை பூஜ்யமாக இருக்கட்டும் தம்பி, அதில் எனக்கு மறுப்பில்லை. கருவியின் லாக் பூஜ்யத்தில் இருக்கக் கூடாது. இருந்தால், சூடாக அடுப்பிலிருந்து எடுத்த பன், இருமல் சிரப், மவுத்வாஷ், கையில் தேய்த்த 70 சதவீத சானிடைசர் எல்லாம் 0.02, 0.03 என்று காட்டும். வாரம் ஒரு பொய் லாக் வந்தால் மூன்றாவது வாரம் யாரும் எந்த லாக்கையும் நம்ப மாட்டார்கள், உண்மையான லாக்கையும் சேர்த்து. 0.05 மி.கி./லிட்டரில் வையுங்கள். சட்டத்தின் 0.10-க்கும் அதற்கும் நடுவே கருவியின் பிழைக்கு இடம் இருக்கும்.

கேலிப்ரேஷன் மேசை

ஒப்புக்கொள்கிறேன். கூடவே ஒன்று: கருவியின் வாய்ப்பகுதியை ஆல்கஹால் துடைப்பான் கொண்டு துடைக்கவே கூடாது. சுத்தம் செய்பவர் நல்ல எண்ணத்தில் துடைப்பார், அடுத்து ஊதுபவர் மாட்டுவார். மிதமான சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். விண்ட்ஸ்கிரீன் வாஷர் திரவத்திலும் ஆல்கஹால் உண்டு. ஜன்னல் திறந்திருக்கும்போது அதை அடித்துவிட்டு உடனே ஊதக் கூடாது.

என்3 ஓட்டுநர்

ஓட்டுறவங்க சார்புல ரெண்டு வார்த்தை. கருவி வேண்டாம்னு சொல்ல வரல. குடிச்சவன் ஓட்டுற லாரிக்குப் பக்கத்துல ஓடுறதும் நாங்கதான்.

ராத்திரி ஹாரிஸ்மித்துக்கும் மூய் ரிவருக்கும் நடுவுல வண்டி ஆஃப் ஆகி, ரெண்டு பேர் கதவை நோக்கி வர்றாங்கன்னு வைங்க. அந்த நேரத்துல குழாயை எடுத்து ஊதி, பச்சை விளக்கு வர்ற வரைக்கும் காத்திருக்கணுமா? 2023 ஜூலையில வான் ரீனன்ஸ் பாஸ்ல லாரிகளைக் கொளுத்தினது எல்லாருக்கும் தெரியும். அங்க அரை நிமிஷம் ரொம்பப் பெரிசு.

ரெண்டாவது, ஒரு லாரியை மூணு ஷிப்ட்ல மூணு பேர் எடுக்குறோம். எல்லாரும் ஒரே வாய்ல ஊதணுமா? காசநோய் இருக்குற நாடு இது.

சாட்ஸ்வொர்த் வயர்மேன்

நியாயமான கேள்வி, ரெண்டுக்கும் வழி இருக்கு.

எஞ்சின் நின்னதுக்கு அப்புறம் ஊதாம திரும்ப ஸ்டார்ட் பண்ண ஒரு அவகாசம் கருவியில செட் பண்ணலாம். 5 நிமிஷம் வைங்க. ஏத்தத்துல ஆஃப் ஆனாலோ, நீங்க சொன்ன மாதிரி ஆபத்து வந்தாலோ உடனே கிளம்பலாம். அரை மணி நேரம்னு வச்சா ட்ரக் ஸ்டாப்ல இறங்கிக் குடிச்சிட்டு வந்துடலாம், அதனால நீட்ட வேண்டாம். அதுக்கு மேல எமர்ஜென்சி ஓவர்ரைடு: ஒரு கோடு, ஒரு தடவைதான், போட்டவுடனே பதிவாகி டிப்போவுக்கு மெசேஜ் போகும். ரயில் கேட்ல வண்டி நின்னா எடுக்கவும் அதுதான். கோடு ஓட்டுநர் கையிலேயே சீல் வச்ச கவர்ல இருக்கட்டும். கோடு போட்டவரை முதல்ல 'பத்திரமா இருக்கீங்களா'ன்னு கேட்கணும், 'ஏன் போட்டே'ன்னு இல்ல.

மவுத்பீஸ் ஆளுக்கு ஒண்ணு. திரும்பி உள்ளே வராம ஒருவழி வால்வு வச்ச மாடல் வாங்கணும். ஒவ்வொரு ஓட்டுநருக்கும் பேர் எழுதின சின்ன டப்பா கொடுங்க, லாரியில எப்பவும் பிரிக்காத பாக்கெட் பத்து இருக்கணும். ஊதின காத்து வெளியே போற துளையை இன்னொருத்தர் முகத்துக்கு நேரா பிடிக்கக் கூடாது.

சேன் ஆந்த்ரே

ரீயூனியனிலிருந்து எழுதுகிறேன். இங்கே பிரெஞ்சுச் சட்டம் என்பதால், 2015 செப்டம்பர் 1 முதல் பயணிகள் கோச் பஸ் எல்லாவற்றிலும் இந்தக் கருவி கட்டாயம். பொதுப் போக்குவரத்து ஓட்டுநருக்கான அளவு 0.10 மி.கி./லிட்டர், உங்கள் தொழில்முறை ஓட்டுநர் அளவேதான்.

ஒரு யோசனை. பிள்ளைகள் ஏறிய பிறகு ஊத வைக்காதீர்கள். பிள்ளைகள் முன்னால் லாக் ஆனால் ஓட்டுநருக்கும் அவமானம், பிள்ளைகளும் பயப்படும், மாற்று ஓட்டுநர் வரும்வரை அவர்கள் ரோட்டில் நிற்க வேண்டும். ஷெட்டில், முதல் பிள்ளையை ஏற்றுவதற்கு அரை மணி நேரம் முன்பே ஊதச் சொல்லுங்கள். பஸ்ஸை வெயிலில் பூட்டி வைத்திருந்தால் முதலில் கதவுகளைத் திறந்து காற்றாட விட வேண்டும். முந்தைய நாள் பயணிகள் சிந்திய ரம், பையில் உடைந்த சென்ட் பாட்டில், இரண்டின் ஆவியும் மூடிய வண்டிக்குள் தேங்கும்.

பீனிக்ஸ் டிப்போ

மிக நல்ல யோசனை, குவான்டத்துக்கு அப்படியே செய்கிறோம். கேமரா பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லையே. ஊதவே வேண்டாம் என்றால் ஓட்டுநர்களுக்கும் நிம்மதிதானே?

கேலிப்ரேஷன் மேசை

இன்று கடையில் கிடைக்கும் ஓட்டுநர் கேமரா அகச்சிவப்பு ஒளியில் இமையைப் பார்க்கிறது. ஒரு நிமிடத்தில் எவ்வளவு நேரம் இமை மூடியிருந்தது, தலை எங்கே திரும்பியது, பார்வை ரோட்டில் இருக்கிறதா என்று கணக்கிடுகிறது. இது தூக்கத்துக்கும் கவனச்சிதறலுக்கும் நல்ல கருவி. இரவு முழுக்க ஓடும் என்3 லாரிகளுக்கு நானே பரிந்துரைப்பேன். ஆனால் அது ஆல்கஹாலை அளக்கவில்லை. இரண்டு பெக் போட்டுவிட்டு விழிப்பாக, வேகமாக, துணிச்சலாக ஓட்டுபவரை அது விட்டுவிடும். பதினாலு மணி நேரம் வேலை செய்து களைத்தவரை 'போதை' என்று சொல்லிவிடும். விற்பவர் மூச்சு அளவோடு ஒப்பிட்டுப் பார்த்த சோதனை முடிவைக் காட்டட்டும், அதன் பிறகு பேசலாம்.

ஊதாமலே அளக்கும் முயற்சி அமெரிக்காவில் 2008 முதல் நடக்கிறது. அரசும் கார் கம்பெனிகளும் சேர்ந்து நடத்தும் டாட்ஸ் என்ற திட்டம். அதில் இரண்டு வழி. ஒன்று, ஓட்டுநர் சாதாரணமாக விடும் மூச்சைச் சென்சார் இழுத்து, அகச்சிவப்பில் எத்தனாலையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து அளப்பது. மூச்சு காற்றில் எவ்வளவு கலந்து நீர்த்திருக்கிறது என்பதைக் கார்பன் டை ஆக்சைடு காட்டிக்கொடுக்கும், அதை வைத்து எத்தனாலின் உண்மை அளவைக் கணக்கிடுவார்கள். இரண்டாவது, ஸ்டார்ட் பட்டனில் வைத்த விரலுக்குள் ஒளியைச் செலுத்தி, தோலுக்கடியில் இருக்கும் ஆல்கஹாலை அளப்பது. 2021 நவம்பரில் வந்த அமெரிக்க உள்கட்டமைப்புச் சட்டம், புதுக் கார்களில் இப்படி ஒன்று வேண்டும் என்று விதி எழுத மூன்று ஆண்டுக் கெடு வைத்தது. 2024 நவம்பரில் அந்தக் கெடு கடந்தது, விதி வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் மூச்சை ஓட்டுநருடையது என்று எடுக்காமல் இருப்பது அங்கே இன்னும் கடினமான பகுதி. குவான்டம் போன்ற நெருக்கமான வண்டியில் இன்னும் கடினம்.

ஐரோப்பாவில் வேறு பாதை. 2024 ஜூலை முதல் அங்கே விற்கும் ஒவ்வொரு புது வண்டியிலும் இன்டர்லாக் மாட்ட வழி இருக்க வேண்டும். எந்த வயரில், எப்படி என்று தயாரிப்பாளர் ஆவணம் தர வேண்டும். இ.என். 50436-7 என்று கேளுங்கள். உங்கள் லாரிகளில் ஐரோப்பிய மாடல் இருந்தால் டீலரிடம் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி வயர்மேனிடம் கொடுங்கள்.

சாட்ஸ்வொர்த் வயர்மேன்

ஆமா, அந்தத் தாள் பெரிய உபகாரம். பட்டன் ஸ்டார்ட் வண்டியில 50 நம்பர் வயர்னு தனியா ஒண்ணு இருக்காது. வண்டிக்குள்ள கம்ப்யூட்டர்கள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற கேன் பஸ் வயரைக் கத்தரிச்சா கியர்பாக்ஸ், ஏபிஎஸ் எல்லாம் எரர் காட்டும். தாள் இல்லைன்னா ஸ்டார்ட் ரிலே காயில்ல போய்த்தான் பிடிக்கணும்.

உங்க வண்டிகள்ல இன்சூரன்ஸுக்காக டிராக்கர் இருக்கும், அதோட இம்மொபிலைசரும் (திருட்டுத் தடுப்பு) அதே ஸ்டார்ட்டர் வயரைத்தான் அறுத்திருக்கும். ரெண்டு ரிலே வரிசையா இருந்தா எது தடுக்குதுன்னு வழியில யாராலும் சொல்ல முடியாது. வயர்ல லேபிள் ஒட்டி, ஃபியூஸ் பாக்ஸ் மூடியில ஒரு படம் வரைஞ்சு வைங்க.

ஏமாத்துறதைப் பத்தியும் கேட்டுக்கோங்க. அடுத்தவரை ஊத வைக்கிறது, பலூன் காத்து, எஞ்சினை ஓட விட்டுட்டே போய்க் குடிக்கிறது, ஸ்க்ரூடிரைவர் வச்சு சாலினாய்டை இணைக்கிறது, கியர் போட்டுத் தள்ளுறது. பலூனுக்கு ஊதும்போதே முனகச் சொல்ற மாடல் இருக்கு, காத்தோட சூட்டையும் ஈரத்தையும் பார்க்குற மாடலும் இருக்கு. தள்ளுறதுக்கும் ஸ்க்ரூடிரைவருக்கும் டி பிளஸ் பதில் சொல்லும்: பாஸ் ஆகாம ஆல்டர்நேட்டர் சார்ஜ் காட்டினா அலாரம். அடுத்தவர் ஊதுறதுக்கு, ஊதும்போது ஒரு போட்டோ எடுக்குற கேமரா.

மெரிபேங்க் சேஃப்டி

போட்டோ எடுத்தால் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், பொப்பியா, உள்ளே வரும். முகத்தைக் கம்ப்யூட்டர் அடையாளம் காண்கிறது என்றால் அது பயோமெட்ரிக், சிறப்புத் தகவல். எதற்காக எடுக்கிறீர்கள், யார் பார்ப்பார்கள், எத்தனை மாதத்தில் அழிப்பீர்கள் என்று எழுதி, ஓட்டுநர்களிடமும் யூனியனிடமும் முன்கூட்டியே கொடுங்கள். பாஸ் ஆன போட்டோவை வைத்திருக்க ஒரு காரணமும் இல்லை.

இப்போது லாக் ஆனால் என்ன செய்வது. இதை எழுதி முடிக்காமல் ஒரு கருவிகூட மாட்டாதீர்கள்.

முதல் லாக்குக்கு எந்தப் பெயரும் வைக்க வேண்டாம். ஓட்டுநர் இறங்கித் தண்ணீரால் வாய் கொப்பளிக்கட்டும். ஒருவர் உடனிருக்க 15 நிமிடம் சாப்பாடு, சிகரெட் எதுவும் இல்லாமல் நிற்கட்டும். வாயில் தங்கிய ஆல்கஹால் அதற்குள் போய்விடும். மறுபடி ஊதி எண் சரசரவென்று பூஜ்யத்துக்கு இறங்கியிருந்தால் அது வாயில் இருந்தது. முதல் எண்ணுக்குப் பக்கத்திலேயே நின்றால் அது ரத்தத்திலிருந்து வருகிறது. அதன் பிறகு தனியாகக் கேலிப்ரேட் செய்த கைக்கருவியில் இன்னொரு சோதனை. மூன்று எண், மூன்று நேரம், உடனிருந்தவர் கையெழுத்து, இரண்டு கருவியின் கேலிப்ரேஷன் தேதி, எல்லாம் ஒரே தாளில். நாளை வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் சி.சி.எம்.ஏ. ஆணையத்தில் கேட்பது அந்தத் தாளைத்தான். இன்டர்லாக் எண்ணை வைத்துக் குற்ற வழக்கு நடத்த முடியாது, அதற்குப் போலீஸ் எடுக்கும் ரத்தமோ அங்கீகரித்த மூச்சுக் கருவியோ வேண்டும். இது வேலையிட ஒழுங்குக்கு மட்டும்.

பிறகு அவரை வீட்டுக்கு அனுப்ப வண்டி ஏற்பாடு செய்யுங்கள். லாரியை மறுத்துவிட்டு அவருடைய சொந்தக் காரில் போகவிடுவது எந்த விதத்திலும் பாதுகாப்பு அல்ல. மறுபடி மறுபடி மாட்டுபவருக்குத் தேவைப்படுவது சிகிச்சை, அதற்கு வழிகாட்டுங்கள்.

ஹாரிஸ்மித்தில் அதிகாலை மூன்று மணிக்கு லாக் ஆனால் ஓட்டுநர் யாருக்கு போன் செய்வார், மாற்று ஓட்டுநர் எந்த டிப்போவிலிருந்து வருவார், அதுவரை சரக்குக்கு யார் காவல்? பதில் இல்லையென்றால் அந்த ராத்திரியே யாராவது ஓவர்ரைடு கோடைச் சொல்லிவிடுவார்கள்.

கேலிப்ரேஷன் மேசை

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். இப்போதுதான் குடித்தவர் ஊதினால் எண் இன்னும் உச்சிக்கு வந்திருக்காது. வயிற்றிலிருந்து ரத்தத்துக்கு ஏற அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்வரை ஆகலாம். கேட்டில் 0.04 காட்டிப் பாஸ் ஆனவர் மேரியன்ஹில் டோல் தாண்டும்போது 0.10-ஐத் தாண்டியிருக்கலாம். அதனால்தான் மறுசோதனை தேவை. முதலாவதைக் கிளம்பிய ஒரு மணி நேரத்துக்குள் வையுங்கள், லாரியைப் பாதுகாப்பாக நிறுத்தக்கூடிய இடத்தில். 0.02-க்கு மேல் காட்டிப் பாஸ் ஆனவர்களுக்கு மட்டும் சீக்கிரமே மறுசோதனை என்று சில கருவிகளில் அமைக்கலாம்.

என்3 ஓட்டுநர்

இதெல்லாம் இப்படி எழுத்துல இருந்தா எங்க பக்கம் ஆட்சேபணை இல்ல. அந்த 15 நிமிஷத்தை மட்டும் யாரும் சுருக்கக் கூடாது, லோடு லேட்டானாலும்.

பீனிக்ஸ் டிப்போ

எழுத்தில் கொடுத்துவிடுகிறேன் ஐயா, 15 நிமிடம் முழுசாக. முதலில் டர்பனில் தங்கும் லாரி இரண்டு, ஜோகன்னஸ்பர்க்கில் தங்கும் லாரி ஒன்று, குவான்டம் ஒன்று என்று தொடங்குகிறோம். கடைசியாக ஒரு கேள்வி: டிசம்பர் விடுமுறையில் மூன்று வாரம் வண்டிகள் நிற்கும். பேட்டரி தாங்குமா?

சாட்ஸ்வொர்த் வயர்மேன்

கருவி சும்மா இருக்கும்போது எவ்வளவு இழுக்குதுன்னு ஸ்பெக் ஷீட்ல பாருங்க. 30 மில்லிஆம்பியர்னு வச்சா மூணு வாரத்துல 15 ஆம்பியர்-ஹவர். டிராக்கரும் சேர்ந்து இழுக்கும். லாரி பேட்டரி நல்லா இருந்தா தாங்கும், பேக்கியில பழைய பேட்டரின்னா சந்தேகம். பேட்டரியைத் துண்டிக்கிற ஐசோலேட்டர் ஸ்விட்சைத் திருப்பினா சில கருவி 'யாரோ வயரைப் பிடுங்கிட்டாங்க'ன்னு பதிவு பண்ணும், அதனால ஆஃப் பண்ற தேதியையும் ஆளையும் முன்னாடியே எழுதி வைங்க. வாரம் ஒருதடவை யாராவது ஊதி ஸ்டார்ட் பண்ணி அரை மணி நேரம் ஓட விட்டாலே போதும், சென்சாரும் உலராம இருக்கும்.